அத்தையோடு பார்த்த பேய்ப் படங்கள்

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்த புதிதில் எனக்கு மாமியாரைக் கண்டால் பயம். அத்தை திட்டமாட்டார், பேசவே மாட்டார், அதுதான் பயம். கீழே மிளகாய் வற்றல் மண்டி, மாடியில் வீடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் கடைக்கு இறங்கியதும் நாங்கள் இருவர் மட்டும்.

ஒரு நாள் அத்தை ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பீரோவிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். பக்திப் படமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பேய்ப் படமாக்கும். பேடின்னா அடுக்களைக்குப் போயிரு" என்றார்.

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் நான் உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு வாரம் இரண்டு படமாவது ஓடியது. தமிழ்ப் படமென்றால் கடைசியில் அம்மனின் சூலம் வந்து பேயைத் தீர்த்துவிடும். இந்திப் படத்தில் பெரிய பங்களாவும் திறக்கக்கூடாத ஒரு கதவும் இருக்கும், யாராவது திறந்துவிடுவார்கள். ஆங்கிலப் படத்தில் முகமூடிக்காரன் ஒருவன் வரிசையாக வெட்டுவான். அத்தைக்கு அதில் மட்டும் மனம் ஒட்டவில்லை. அவருக்குப் பிடித்தது வெள்ளைச் சேலையில் வந்து வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கும் மலையாள யக்ஷிதான். ஏன் என்று ஒருமுறை துணிந்து கேட்டேன்.

"அவளச் சதிச்சுக் கொன்னுட்டானுவ. திரும்பி வந்து நியாயம் கேக்கா. அதுல என்ன தெற்று, என்ன தப்பு இருக்கு, கேட்டியா?"

அத்தை என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அப்படி ஒரு யக்ஷிப் படம் முக்கியமான கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம். போய்த் திறந்தேன். வெள்ளை முண்டும் நேரியதும் சேலைபோல உடுத்து, குளித்த ஈரக் கூந்தலை விரித்துப் போட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இத்திரி சுண்ணாம்பு உண்டோ?" என்றாள், விரல் நுனியளவு காட்டி.

நான் ஓரடி பின்வாங்கினேன். பின்னால் வந்த அத்தை ஒரே அலறலாக அலறி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அலறலில் வந்தவளும் மிரண்டு பாதிப் படி இறங்கிவிட்டாள். அப்புறம்தான் ஆளை அடையாளம் தெரிந்தது, பின் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். கணவனை ஏதோ குளவி கொட்டிவிட்டதாம், மேலே தடவச் சுண்ணாம்பு தேடி வந்திருக்கிறாள்.

அத்தை வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை வழித்துக் கொடுத்து அனுப்பினார். கதவைச் சாத்தியதும் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ என்று ஏறி வந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை, மிளகாய் நெடி ஏறிவிட்டது என்று அத்தை அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த வாரம் படம் எடுத்துவரும் வேலையை என்னிடமே விட்டார். பொம்மைக்குள் ஆவி புகுந்துகொள்ளும் ஆங்கிலப் படம் ஒன்றைக் கொண்டுவந்தேன். பொம்மை கண்ணைத் திறப்பதற்குள் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அசையாமல், மீதியைத் தனியாகப் பயந்து பார்த்து முடித்தேன்.