நாலாம் நம்பர் மலையின் இரண்டு பொட்டுகள்

தேயிலையை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் ஆறு மாதத் தவணையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். தவணை முடிவில் நிரந்தரமாக்காவிட்டால் மறுபடியும் தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் போய்க் கொழுந்து மூட்டை தூக்க வேண்டியதுதான்.

ஆய்வுகூடத்தில் மூட்டைக்கு வேலையில்லை. நகக்கண் அளவு அரும்பு போதும். அதை அரைத்து, சாற்றில் ஒரு துளியை மெல்லிய கண்ணாடிக் குழலால் வடிதாளில் வைத்து, தாளைக் கண்ணாடித் தொட்டியில் தொங்கவிடுவோம். அடியிலிருந்து மருந்துநீர் ஊறி ஏற, சாற்றில் உள்ளவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நின்றுவிடும். மறுநாள் தாளை உலர்த்தி வேறொரு மருந்து தெளித்துச் சூடு காட்டினால் அமினோ அமிலங்கள் ஊதாப் பொட்டுகளாகத் தெரியும். பொட்டின் பருமனைப் பார்த்து அளவு சொல்வார் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், இரசாயனம் படித்தவர். கைவியர்வையிலும் அதே அமிலங்கள் இருப்பதால் தாளை விரலால் தொடக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். நான் இடுக்கியால்தான் பிடிப்பேன்.

தினமும் முதல் தாள் நாலாம் நம்பர் தேயிலை மலையுடையது. அதில் மட்டும், வேறெந்த மலையிலும் இல்லாத இரண்டு பொட்டுகள் அருகருகே வந்தன. புதுப் பொருள் என்று ஐயா சாப்பாட்டையே மறந்தார். வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்தைப் பார்க்க வரவிருந்த பெரிய துரைக்கு அறிக்கையும் எழுதிவிட்டார்.

வியாழக்கிழமை எனக்குக் கண்கட்டி. இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். அன்று ஒரே பொட்டு. மழைதான் காரணம் என்றார் ஐயா. என் கை இடது கண்ணின் கட்டுக்குப் போனது. அன்றன்றைய முதல் தாளை, மருந்து தெளிக்குமுன், இடுக்கியோடு தூக்கிக் கண்களில் ஒற்றிக்கொள்வது என் வழக்கம். விரல்தானே படக் கூடாது என்றிருந்தார்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மறுநாள் துரைக்கு முன்னால் ஐயாவின் மானம் போகும். கட்டை அவிழ்த்து, வெறுந்தாள் ஒன்றை இரண்டு கண்ணிலும் ஒற்றி, மருந்து தெளித்து, சூடு காட்டி அவர் மேசையில் வைத்தேன்.

"ரெண்டும் திரும்ப வந்திட்டுது. நாலாம் நம்பர்தானே?" என்றார்.

"இல்லைங்கய்யா. எம் மொகங்க."

தாளைப் பார்த்தார். என் வீங்கிய கண்ணைப் பார்த்தார். பிறகு அறிக்கையை நான்காகக் கிழித்தார்.

"நாளைக்கு இதைச் சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் வேலை போய் ஒரே பஸ்ஸில வீட்ட போயிருப்பம். இனிக் கும்பிடுறதெண்டால் தள்ளி நிண்டு கும்பிடும்."

தவணை முடிந்ததும் நிரந்தரக் கடிதம் வந்தது. சிபாரிசில் ஐயா ஒரே வரி எழுதியிருந்தார்: தன் பிழையைத் தானே பரிசோதித்து நிரூபிக்கக் கூடியவர்.