தறி நிற்கும் நேரம்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, பள்ளிபாளையம் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் முன்பாதி தறிப்பட்டறை, பின்பாதி குடித்தனம். விடிந்ததிலிருந்து விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தாளியாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இதற்குள் குடும்பம் நடத்துகிறீர்களோ என்பார்கள். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. தறி நின்றால்தான் யாருக்கோ என்னவோ ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

தறி ஓடும்போது வாயால் பேசிப் பிரயோஜனமில்லை. அதனால் எங்கள் ஆட்கள் கையாலும் கண்ணாலும் பேசுவார்கள். சாப்பிட வா, நூல் அறுந்துவிட்டது, ஆள் வந்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை உண்டு. சண்டையைக்கூடக் கையாலேயே போட்டுவிடுவோம். என் வீட்டுக்காரரைத் திட்ட நான் வைத்திருக்கும் ஜாடைகளை இங்கே எழுத முடியாது.

என் மகள் பிறந்து வளர்ந்தது இந்த வீட்டில்தான். கையை நீட்டினால் வருவாள், கண்ணை உருட்டினால் கையில் எடுத்த பொருளைக் கீழே போடுவாள். படு கெட்டிக்காரி என்று எல்லாரும் சொன்னார்கள். பட்டறையை ஒட்டித்தான் அவளைத் தரையில் பாய் போட்டுத் தூங்க வைப்பேன். தறி ஓடும்வரை நன்றாகத் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றதும் விழித்து அழுவாள்.

"காது என்ன கூர்மைங்குறே! தறி நின்னது தெரிஞ்சு முழிச்சுக்கறா பாரு" என்று என் நாத்தனார் மோவாயில் கை வைத்துச் சொல்வார். எனக்கும் பெருமையாக இருக்கும். ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று கேட்டபோது, "இவ அப்பனும் மெதுவாத்தான் பேசுனான்" என்று அவரே சமாதானமும் சொன்னார். நானும் அதை நம்பிக்கொண்டேன்.

மாதத்துக்கு ஒருநாள் லைன் வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அப்படி ஒருநாள் தெருவே அமைதியாகக் கிடந்தது. மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து நான் எடுத்த பெரிய எவர்சில்வர் குண்டா கை நழுவி விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இவள் திரும்பவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கத்தினேன். அவள் பாட்டுக்குப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்றார்கள். தறி நின்றால் எழுந்துகொள்வாளே என்று நான் வாதாடினேன். தரையின் அதிர்வு நின்றது உடம்புக்குத் தெரிந்திருக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் பெருமையடித்துக்கொண்ட ஒன்றுதான் எங்கள் கண்ணை மறைத்திருந்தது என்று புரிந்தபோது, அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். மெஷின் மட்டும் போதாது, கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், வாராவாரம் பயிற்சி மையத்துக்கு வரவேண்டும் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஒரு வாரம் போனால் மறுவாரம் போகவில்லை. கூலித் தறிக்காரர் வீட்டில் இரண்டு பேரில் ஒருவர் நகர்ந்தாலும் தறி நின்றுவிடும். நாங்கள் வராததைக் கவனித்து, இனி வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறோம் என்று மையத்திலிருந்து போன் வந்தபோது, தெய்வமே படியேறி வருகிற மாதிரி இருந்தது.

சொன்னபடி ஒரு டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். மெஷினை மாட்டியதும் மகள் வீறிட்டு அலறி அதைப் பிடுங்கி எறிந்தாள். மெஷினுக்குத் தறிச் சத்தமென்றும் அம்மா குரலென்றும் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். எல்லாவற்றையும் பெரிதாக்கித் தள்ளுமாம். என் வீட்டுக்காரர் போய் எங்கள் தறிகளை நிறுத்தினார். ஆனால் ஒட்டின சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. டீச்சர் தயங்கித் தயங்கி, அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறீர்களா என்றார்.

அந்த வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். இதற்கு எந்த ஜாடை காட்டுவது என்று தயங்கினேன். ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்லி யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். அதோடு, அக்காவுக்கு ஒரே மகள். இருபது வயதை நெருங்கியவள். அவளுக்கும் பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. மூலையில் உட்கார்ந்து தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜாடையில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டார்.

"இதைக் கேக்கறதுக்கு இத்தனை ரோசனையா? போ சாமி, டீச்சர் காத்துட்டிருப்பாங்க" என்றார்.

அவரே எதிர்வீட்டுக்கும் போய்ச் சொன்னார். அன்று முதல், டீச்சர் வரும் நாளில் மட்டுமல்லாமல் தினமும் காலை பத்து மணிக்கு எங்கள் மூன்று வீட்டிலும் ஒரு மணி நேரம் தறி நிற்கும். அந்த நேரத்தில் நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணி, பூனை, சட்டை, சோறு என்று டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி காதருகே பேசிக்கொண்டே இருப்பேன். தறி நின்ற அடுத்த நிமிஷம் எங்கள் வாசலில் வந்து நிற்பது அக்காவின் மகள்தான். எப்படித் தெரிந்து வருகிறாள் என்று இப்போது நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பின்னாலேயே அக்காவும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் டீச்சர் வந்தபோது, அக்காவின் மகள் புதுச் சுடிதார் போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து வந்து என் மகளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அக்கா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஏனுங் டீச்சர், எம்புள்ளைக்கும் ஒரு மிசினு மாட்டிச் சொல்லிக் குடுக்க முடியுங்களா?"

டீச்சர் அவளுக்குப் பின்னால் போய்ச் சின்ன மேளத்தைத் தட்டினார். கை தட்டினார். அவள் எங்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் எங்காவது காட்டினீர்களா என்று டீச்சர் கேட்டார்.

"எங்க போறதுன்னு யாருங்க சொன்னாங்க? நாக்கு திருந்தோணும்னு கோயில்ல மணி வாங்கிக் கட்டுனோம். அவ்வளவுதான் தெரிஞ்சுதுங்க."

மறைக்காமல் சொல்கிறேன் அக்கா, இந்த வயதுக்கு மேல் பேச்சு வருவது ரொம்பக் கஷ்டம் என்றார் டீச்சர். சைகை மொழி கற்றுக்கொள்ளலாம், தொழில் பயிற்சி இருக்கிறது, நானே கூட்டிப்போகிறேன் என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். நல்ல யோசனைகள்தான். ஆனால் அக்காவின் காதில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை.

"பேச்செல்லாம் வேண்டாங்க" என்றார். "அம்மான்னு ஒருக்கா கூப்புட்டாப் போதும். இன்னிக்கு வரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கூப்புட்டதில்லீங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா மகளின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் போகும்போதும் சிரித்துக்கொண்டே என் மகளுக்குக் கையாட்டிவிட்டுப் போனாள். 

மறுநாள் பத்து மணிக்கு அக்கா தறியை நிறுத்தமாட்டார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தாவிட்டாலும் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஆனால் எங்கள் தறிக்கு முன்பே அவர் தறி நின்றது. வழக்கம்போல மகளோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். 

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள். தறிகள் நின்றிருந்தன. நான் அடுப்படியில் பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மகள் அக்காவின் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ம்மா" என்று ஒரு குரல். கரகரவென்று, யாருடையது என்றே சொல்லமுடியாத குரல்.

நான் பாலைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அதற்குள் நிலைப்படியில் இருந்த அக்கா வெடுக்கென்று திரும்பியிருந்தார். அவர் பார்த்தது என் மகளையல்ல, தன் மகளை. அவர் முகத்தில் அந்த ஒரு நொடி இருந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்திருக்க வேண்டாம். அவர் மகள் குனிந்து பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். என் மகள்தான் என்னை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு இன்னொரு தடவை, "ம்மா" என்றாள்.

அக்கா தன்னைச் சுதாரித்துக்கொண்டு, "உன்னையத்தான் கூப்புடறா. ஓடு, தூக்கு" என்றார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்கமுடியாமல் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். அக்காவின் மகள் சைகை மொழி கற்றுக்கொண்டு ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். பத்து மணிக்குத் தறியை நிறுத்தவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனாலும், தறி நின்றிருக்கும் சாயங்காலங்களில் பை தொங்க வாசலில் வந்து நின்று மகள் "அம்மா" என்று உரக்கக் கூப்பிடும்போதெல்லாம், பக்கத்து வீட்டுக்கு அது கேட்டிருக்குமே என்று நினைத்து, கொஞ்சம் மெதுவாகத்தான் நான் பதில் குரல் கொடுக்கிறேன்.