மூன்றாம் மாடி அரக்கி

மலேசியாவில், எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக் கடைசி வீட்டில் ஓர் அரக்கி இருக்கிறாள் என்று பத்து வயது வரை மனமார நம்பினேன். சிரிக்காதீர்கள்.

நேற்று என் மகள் தோழிகளோடு பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதை நடத்தும் விளையாட்டு விளையாடினாள். "அப்பா, இன்னிக்கு நாங்கதான் அரக்கிங்க லா. வீரனுங்க குகைக் கதவ இடிக்கிறாங்க!" என்று மேசையை டம் டம்மென்று தட்டினாள். நாற்பத்தெட்டு வயதிலும் எனக்கு அந்த மூன்றாம் மாடிக் கதவு கண்முன் வந்தது.

அந்த வீட்டில் பகலெல்லாம் திரை மூடியிருக்கும். ஒரு சத்தமும் வராது. ஒரு மதியம் நானும் நண்பன் குமாரும் விளக்குமாற்றுக் கட்டைகளை வாளாகப் பிடித்து அதன் கதவை இடித்தோம்.

"அரக்கி, வெளிய வாடி!"

உள்ளே யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு கனமான ஏதோ ஒன்று தரையை உரசியபடி மெல்ல மெல்லக் கதவை நோக்கி வந்தது.

"டேய், வருதுடா!" என்று குமார் அலறினான். மாவீரனான நான் வாளையும் ஒரு செருப்பையும் போட்டுவிட்டு, அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மூன்று நாள் காய்ச்சல்.

காய்ச்சல் விட்டதும் அம்மா திட்டினார். "அது ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் பாக்குற அக்காடா. பகல்லதான் தூங்கும். தனியா இருக்குற பொண்ணு, யாரோ கதவ உடைக்கிறாங்கன்னு பயந்து அலமாரிய இழுத்து முட்டுக் கொடுத்திருக்கு."

அந்த வாரமே அந்த அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.