அரைப்பேர்ச் சீட்டு

பிறருடைய கோபத்தைக் காதால் வாங்கிச் சம்பளம் பெறுவது எங்கள் தொழில். நிறுவனத்தின் அநியாயத்தையும் அதே காதால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் எவரும் எழுதியிருக்கவில்லை.

நான் பணிபுரிவது ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் எஹலியகொடக் கிளையில், வாடிக்கையாளர் அழைப்புப் பிரிவில். பெயர் வேண்டாம், உங்கள் கைப்பேசியிலும் அதன் செயலி இருக்கக்கூடும். கொழும்பில் அதற்குக் கண்ணாடிக் கட்டடம். இங்கே ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் பிள்ளைகள் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டுத் திறந்தார்கள். குழுத் தலைவியான என்னையும் சேர்த்து ஆறு பேர். ஹெட்செட் மாட்டிக் காது சூடேறிய உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. இருந்தும் எழுதுகிறேன், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு வேலையில் நிலைப்பதில்லை என்று தலைமையகத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

மஞ்சள் விளக்கு

எங்கள் கணினித் திரையின் மூலையில் ஒரு சிறு விளக்கு உண்டு. அழைப்புக்குத் தயாராக இருந்தால் பச்சை. இருக்கையில் ஆள் இல்லையென்றால் மஞ்சள். மஞ்சள் நீடித்தால் காரணம் கேட்கும். சாப்பாடு, கழிப்பறை, கூட்டம், பயிற்சி, சொந்தக் காரணம் ஆகிய ஐந்தில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

ஒரு மழைக்காலக் காலையில் புஷ்பா முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தாள். மலைத்தோட்டத்துப் பெண், தாய் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட, மிச்சத் தூரத்தை நடந்தே வந்திருந்தாள். அதற்குள் அவள் பெயருக்கு எதிரே விளக்கு வெகுநேரமாக மஞ்சளாகியிருந்தது. மண்சரிவு என்றொரு காரணம் அங்கே இல்லை. கொழும்பிலிருக்கும் எங்கள் முகாமையாளர் ரொஷானிடம் கேட்டேன். 'சொந்தக் காரணம்' என்று போடச் சொன்னார். ஆக, மலை சரிந்தது புஷ்பாவின் சொந்தக் காரணமாயிற்று.

காலைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "தோட்டத்துல காலையில பேர் பதியிற பெரட்டுக்கு லேட்டா போனா கங்காணியும் ஏசுவாருதான் மிஸ். ஆனா ஏன் லேட்டுன்னு கேட்டுட்டுத்தான் ஏசுவாரு."

முதலாம் பிள்ளை

கொடகவெலப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். வெளிநாட்டிலிருக்கும் மகளோடு பேசும் செயலி அவருக்குப் பூட்டிக்கொண்டது. திறப்பதற்கு ஓர் இரகசிய எண் குறுஞ்செய்தியாக வரும். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அதை வாசிப்பதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். ஓர் அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. புஷ்பா முடிக்கவில்லை. "கண்ணாடிய மொதல்ல போட்டுக்குங்க தாத்தா, அப்புறம் அனுப்புறேன்" என்று காத்திருந்து, திறந்து கொடுத்த பிறகே வைத்தாள்.

அழைப்பு முடிந்ததும் ஓர் இயந்திரக் குரல் சேவைக்குப் புள்ளியிடக் கேட்கும். ஐந்து என்றால் மிகச் சிறப்பு. ஒன்று என்றால் மிக மோசம். பெரியவர் ஒன்றை அழுத்தினார். அது தவறுதலாக நேர்ந்தது என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவரே மீண்டும் அழைத்தார், அழைப்பு எனக்கு வந்தது. அந்த அழைப்பின் ஒலிப்பதிவை இணைத்து, புள்ளியைத் திருத்தும்படி தலைமையகத்துக்கு எழுதினேன். வாடிக்கையாளரின் தீர்ப்பில் நிறுவனம் தலையிடாது என்று பதில் வந்தது. பதிவில் இருந்த வாடிக்கையாளரின் தீர்ப்பு இதுதான்: "அந்தப் புள்ளைக்கு ஒண்ண அமுத்தியிருக்கேம்மா, பள்ளிக்கூடத்துல மொதலாம் புள்ள மாதிரி. பெரியாளுங்ககிட்ட சொல்லி ஏதாச்சும் நல்லது பண்ணுங்க."

அரைப்பேர்

பெரியாட்கள் செய்த நல்லதைக் கேளுங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை எங்களுக்கு மதிப்பீடு உண்டு. குழுவில் அனைவரும் நன்றாக உழைத்திருந்தாலும் ஒருவரைக் கட்டாயம் கடைசியில் வைக்க வேண்டும். அந்த ஒருவரைக் கணினியே தெரிவுசெய்யும். தொடர்ந்து இரு தடவை கடைசியென்றால் வேலை போய்விடும். மண்சரிவு, நீண்ட அழைப்பு, அந்த ஒன்று எல்லாம் சேர்ந்து புஷ்பாவைக் கடைசியில் தள்ளின. அறிவிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

எங்கள் பிள்ளைகள் அந்த மதிப்பீட்டுக்கு உடனே அரைப்பேர் என்று பெயரிட்டார்கள். தோட்டத்தில் குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளமே விழும். அதற்குரிய சொல் அது. ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் புஷ்பாவின் தாயார் என்னை நிறுத்தினார். சண்டைக்கு வரவில்லை, சந்தேகம் கேட்கத்தான் வந்தார். "கொழுந்து கொறைஞ்சா அரைப்பேரு போடுவாங்க, அது எனக்குத் தெரியும் மிஸ். எம்மககிட்ட என்னா கொறைஞ்சிச்சு?"

குலுக்கல்

அடுத்த மதிப்பீடு நெருங்கியது. இன்னொருமுறை கடைசியென்றால் புஷ்பா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு மதியம் ஐந்து பேரும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைச் சுற்றி உட்கார்ந்து, பெயர் எழுதிய துண்டுகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் சீட்டுப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறைவைத்து ஒவ்வொருவராகப் பணத்தை எடுப்பார்கள். இவர்கள் முறைவைத்து அரைப்பேரை எடுக்கத் தீர்மானித்திருந்தார்கள். ஒருவரே தொடர்ந்து இரு தடவை எடுக்காதவரை எவர் வேலையும் போகாது. என் பெயரையும் போடச் சொன்னேன். குழுத் தலைவிக்கு அந்த மதிப்பீடு கிடையாது என்று சிரித்துவிட்டார்கள்.

அந்த ஐவரில் ஒருத்தியான ஃபர்ஹானா, பஸ் நிலையத்துக்கு அருகே கைப்பேசிக் கடை வைத்திருப்பவரின் மகள். அவள் குலுக்கிய துண்டுகளைக் கையால் மூடினாள். அன்றிலிருந்து அவளுடைய விளக்கு மஞ்சளாகவே எரிந்தது. வேண்டுமென்றே இருக்கையை விட்டெழுந்து, பக்கத்தில் நின்று அவள் ஆற அமரப் பிளேன்டீ குடித்தாள். "மொத சீட்டு எனக்கு மிஸ். எனக்கு வாப்பாட கட ஈக்கி. புஷ்பாக்கு என்ன ஈக்கி?"

கேக்கும் சான்றிதழும்

ஃபர்ஹானா கடைசியானாள், புஷ்பா தப்பினாள். கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ரொஷான் கேக் பெட்டியோடும் சட்டமிட்ட சான்றிதழோடும் நேரிலேயே வந்துவிட்டார். 'மிகச் சிறந்த முன்னேற்றம்' என்று புஷ்பாவின் பெயரை வாசித்துக் கைதட்டினார். கடைசியில் இருந்தவளை எப்படிப் பயிற்றுவித்தேன் என்று மற்றக் கிளைகளுக்கு நான் விளக்க வேண்டுமாம். அந்த மனிதரிடம் துளியும் வஞ்சகம் இல்லை. மனமார நம்பித்தான் தட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேக்கைப் புஷ்பா தொடவில்லை. ரொஷானின் வாகனம் புறப்பட்டதும் சான்றிதழை என் மேசையில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தாள். "அப்பவும் இதே வேலையத்தானே மிஸ் செஞ்சேன். இம்மியும் மாத்தல. அப்ப அரைப்பேரு, இப்ப கைதட்டா? நான் என்னா செஞ்சேன்னு இங்க யாருதான் பாத்தாங்க?"

ஆறாவது காரணம்

விலகுபவரும் திரையில் ஒரு காரணத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். திருமணம், வெளிநாட்டுப் பயணம், மேற்படிப்பு, கூடிய சம்பளம், சொந்தக் காரணம். புஷ்பா கூடிய சம்பளத்துக்குப் போகவில்லை. ஃபர்ஹானாவின் வாப்பா கடையில், தோட்டத்திலிருந்து கைப்பேசியோடு வருபவர்களுக்கு வேண்டிய மட்டும் நேரமெடுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். கொஞ்ச நாளில் ஃபர்ஹானாவும் அங்கே போனாள். இன்னொருத்தியும் விலகினாள். மூவருக்கும் 'சொந்தக் காரணம்' என்றே பதிவாயிற்று.

உண்மைக் காரணத்தை விளக்கி ரொஷானுக்கு ஒரு மணி நேரம் சிங்களத்தில் சொன்னேன். சீட்டுப் பிடித்ததையும் மறைக்கவில்லை. கவனமாகத்தான் கேட்டார். பிறகு, பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்தவராக, ஒரு கரம் பலகை வாங்கிப் போடுவோமா என்று கேட்டார்: "அக்கே, கெரம் போர்ட் எகக் தாமுத?"

கரம் பலகை வந்து சுவரோரம் சாய்ந்திருக்கிறது. சோடி சேர்ந்து ஆட நான்கு பேர் வேண்டும், நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம்.