எனக்கு ஐந்து முறை எடுத்த குடல்வால்

என் அண்ணி நாற்பத்தாறாவது வயதில் பிசினஸ் ஸ்கூலில் சேர்ந்தபோது வீட்டில் அதிகம் சத்தம் போட்டவன் நான்தான். கம்பெனியே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் படிப்பு ஒரு கேடா என்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கத்தினேன். அண்ணி நிதானமாக என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

"கன்சல்டன்ட் கேட்டதுல பாதிதான் தம்பி இந்த ஃபீஸ். அவர் வந்து சொல்லப்போறத நானே போய்க் கத்துக்கறேன்."

எங்களுடையது அட்டைப்பெட்டி கம்பெனி. நாற்பத்தொரு பேர் வேலை. அண்ணன் மெஷின்களைப் பார்த்துக்கொள்வார், நான் லோடு ஏற்றி அனுப்புவேன், கணக்கும் போனும் அண்ணி. நல்ல காலத்தில் பேங்க் கடனில் பெரிய மெஷின் ஒன்று வாங்கினோம். அது வந்த ஏழாவது மாதம், எங்கள் பெட்டிகளில் பாதியை வாங்கிக்கொண்டிருந்த செருப்புக் கம்பெனி எங்களைக் கைவிட்டுவிட்டது. பேங்குக்குத் தவணை நின்றது. காகிதக்காரர், மைக்காரர், பசைக்காரர், லாரிக்காரர் என்று பாக்கி நீண்டது. அண்ணனுக்கோ போனில் பேசவே வராது. பேங்கிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றால் ஸ்பேனரோடு மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

ஆக, சமாளித்தது அண்ணியும் நானும். அதையும் ஒழுங்காகத்தான் செய்தோம். பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தோம். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன காரணம் சொன்னோம் என்று அதில் எழுதிவைப்போம். ஒரே ஆளிடம் ஒரே பொய்யை இரண்டு தடவை சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? மெஷின் பழுது, செக் புக் தீர்ந்துவிட்டது, ஆடிட்டர் ஊரில் இல்லை. ரொம்ப நெருக்கினால் எனக்குக் குடல்வால் ஆபரேஷன். ஆஸ்பத்திரி என்றதும் எல்லோரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

பிசினஸ் ஸ்கூலில் சனி, ஞாயிறு வகுப்பு. அண்ணி தேர்ந்தெடுத்த பாடம் கம்பெனிக் கடனும் அதைச் சீரமைப்பதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகம் சிவக்க வீட்டுக்கு வந்தார். வகுப்பில் ஒரு பயிற்சியாம். கடனில் மூழ்கும் ஒரு கம்பெனி. சீட்டுக் குலுக்கி ஒருவர் முதலாளி, ஒருவர் பேங்க், ஒருவர் சப்ளையர் என்று உட்கார வைத்திருக்கிறார் புரொபசர். அண்ணிக்கு விழுந்தது லாரிக்காரர் வேஷம்.

"முதலாளியா உக்காந்த பையன் எனக்கு ஒரு கதை சொல்றான், பேங்குக்கு ஒரு கதை சொல்றான். வெறும் விளையாட்டுதான். ஆனா எனக்குத் தாங்கல தம்பி. பணம் லேட்டாகுதுன்னு கோபம் வரல. பக்கத்துல இருக்கறவனுக்குக் கொடுத்துட்டு நம்மள மட்டும் விட்டுடுவானோன்னு ஒரு பயம்."

சொல்லிவிட்டுப் பச்சை நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"அண்ணி, நம்மள உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க!"

"அறுபது நாள்ல பேங்க் மெஷினத் தூக்கிட்டுப் போனா மட்டும் என்ன செய்வாங்களாம்?"

அதுதான் உண்மை. பேங்க் கடைசிக் கெடு கொடுத்திருந்தது. அதற்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் நாற்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணி மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். கம்பெனியை மூடினால் பேங்குக்குப் பாதிகூடத் தேறாது, மற்றவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஓடவிட்டால் முப்பது மாதத்தில் எல்லோருக்கும் முழுதாக வரும். புரொபசர் அண்ணியைவிடப் பத்து வயது சின்னவர். சிவப்பு மையில் நான்கு தடவை திருத்தித் திருப்பி அனுப்பினார், ஐந்தாவது தடவை டிக் போட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கூட்டம் எங்கள் பேக்கிங் ஷெட்டில் நடந்தது. அண்ணன்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அண்ணி பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, மைக்காரர் குறுக்கிட்டார். "செக் புக் தீர்ந்துபோச்சுன்னீங்களே?"

"எனக்கு மெஷின் பழுதுன்னாங்க," என்றார் காகிதக்காரர். "அதுக்கப்புறம் ஆகஸ்ட்ல இந்தத் தம்பிக்குக் குடல்வால் எடுத்தாங்க."

"ஆகஸ்டா? எனக்கு மார்ச்சுன்னாங்களே!" லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பேங்க் அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "எங்க ஃபைல்ல டிசம்பர்னு இருக்கு."

கல்லுக்குண்டு மாதிரி நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் ஒரு ஸ்பேனர் கிடைத்தால் மெஷினுக்கு அடியில் போயிருப்பேன். அண்ணி ஓடவில்லை. பச்சை நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்கு. நானே படிச்சுடறேன்."

படித்தார். தேதி, பெயர், பொய். மூன்று பக்கம், குரல் உடையாமல். இரண்டாவது பக்கத்தில் லாரிக்காரர் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே எல்லாருக்கும் ஒரே காகிதம், மாசம் ஒண்ணாம் தேதி. வந்தது என்ன, போனது என்ன, யாருக்கு எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கும்," என்றார்.

பேங்க் அதிகாரி திட்டத்தை இரண்டு முறை படித்தார். இங்கே இருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போட்டால் தானும் மேலே சிபாரிசு செய்வதாகச் சொன்னார். ஒவ்வொருவராகப் போட்டார்கள். பாக்கி நின்றது பசைக்காரர் ஒருவர்தான். இருப்பதிலேயே சின்ன வியாபாரி அவர், ரொம்ப நாளாகக் காத்திருந்தவரும் அவர்தான்.

"எனக்கு மட்டும் ரெண்டு தடவை எடுத்தீங்க தம்பி. ஜூன்ல நீங்க சொன்னீங்க, அக்டோபர்ல இந்த அம்மா சொன்னாங்க."

ஜூன் மாதம் நோட்டில் எழுத மறந்தவன் நான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ அக்டோபர்லயே உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றேன்.

"தெரியும்."

"அப்புறமும் ஏன் பசை அனுப்பினீங்க?"

"பசை இல்லாம பெட்டிய எப்படி ஒட்டுவீங்க?" என்றபடி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

முப்பது மாதம் என்றது முப்பத்திரண்டு ஆயிற்று. ஒரு ஆளைக்கூட வேலையை விட்டு அனுப்பவில்லை. இடையில் அண்ணிக்குப் பட்டமும் வந்தது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்த அதே இடத்தில், அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிடுங்க தம்பி," என்றார், அவ்வளவுதான்.

பசைக்காரரின் கடைசித் தவணையை பேங்க் வழியாக அனுப்பியிருக்கலாம். நான் அண்ணியிடம் செக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரிலேயே போனேன். வழியெல்லாம் நன்றி சொல்ல வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் செக்கைப் பார்க்கக்கூட இல்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வயிறு எப்படி இருக்கு தம்பி?"

"நல்லா இருக்குண்ணே," என்றேன். பசை டிரம்களுக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.