ஸ்டீம் ரூம் கதவுக்காரர்

சுவர் வார்க்கிற கம்பெனியில் அவருக்குக் கதவு சாத்துகிற வேலை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கதவைச் சாத்த ஒரு ஆளா என்பார்கள். கதவைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

கல் மேல் கல் வைத்து, பூசி, நனைத்து, காயவிட்டு வீடு கட்டின காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது சுவரே முழுசாக, ஜன்னலுக்கு இடம் விட்டு, ஒயர் போகிற குழாயும் வைத்து, அச்சில் வார்த்து லாரியில் ஏறிப் போகிறது. அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பூட்டினால் வீடு. ஆனால் வார்த்த சுவர் தானாக இறுகட்டும் என்று விட்டால் நாள் கணக்கில் கிடக்கும். அதனால் அச்சோடு தட்டுத் தட்டாக அடுக்கி, கல்யாண மண்டபம் மாதிரி நீளமான, ஸ்டீம் ரூம் என்கிற ஒரு இரும்பறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, நீராவியைத் திறந்துவிடுவார்கள். இன்றைக்குச் சேறாகப் போனது நாளைக்குக் கல்லாக வெளியே வரும்.

அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி துருப்பிடித்து விழுந்து வெகு நாளாகிறது. எழுதிக் கேட்டும் வந்தபாடில்லை. நீராவி இரைச்சலில் உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு ஈ காக்காய்க்குக் கேட்காது. அடியில் சிந்தினதைக் கூட்ட, சக்கரத்தைத் தட்டிப் பார்க்க என்று யாராவது உள்ளே போய்க்கொண்டேதான் இருப்பார்கள். அதனால் சாத்துமுன் அவர் வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிடுவார்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

கொஞ்சம் நிற்பார். மறுபடியும் கூப்பிடுவார். பிறகுதான் கதவு. அதனாலேயே அவருக்குக் கூப்பாடு என்று பேர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருந்தது.

வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. குளியலறையைச் சாத்தினாலும் கேட்பார், கொல்லைக் கதவைச் சாத்தினாலும் கேட்பார். அவர் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. பீரோவையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பூட்டுங்கள், உள்ளே என் புடவை தூங்கிக்கொண்டிருந்தால் பாவம் என்பாள்.

மனைவியின் தம்பியும் அந்த வீட்டில்தான் இருந்தான். பின்னறை அவனுடையது. அதே கம்பெனியில் கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிற வேலை. ஆள் தென்னை மரம் மாதிரி, புத்தி மட்டும் விளையாட்டுப் பிள்ளை. மாமா ஸ்டீம் ரூம் வாசலில் நின்று கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, உள்ளே ஏதாவது ஒரு தட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குரல் கொடுப்பான்.

“இல்ல மாமா, யாரும் இல்ல.”

சுற்றி நிற்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இவர் கெட்ட வார்த்தையில் திட்டிக் காதைப் பிடித்து வெளியே இழுப்பார். பொழுது சாய்ந்ததும் கொசுவுக்காகப் பின்னறைக் கதவைச் சாத்தப் போனால் அங்கேயும் அதே கதைதான். கட்டிலில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டு யாரும் இல்லை என்பான்.

ஒருநாள் சுவர் ஒன்றைத் தூக்கும்போது அதில் பதித்திருந்த கொக்கி வளையம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சுவர் விழுந்தது. கீழே நின்றது மச்சினன். சட்டென்று முடிந்துவிட்டது. கிரேன்காரர் மேல் தப்பில்லை, வளையம் சரியாகப் பிடிக்கவில்லை என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் லீவரில் இருந்தது கிரேன்காரர் கை. அந்தக் கையை வேறு யாரோ தன்னிடம் கொடுத்துவிட்டுப் போன மாதிரி பார்த்துக்கொண்டு திரிந்தார். மனைவி அந்தக் கிரேன்காரரைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. தம்பி அறையைச் சாயங்காலமானால் அவளே போய்ச் சாத்தினாள். கேட்டுச் சாத்த அங்கே யார் இருக்கிறார்கள்?

துக்கமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன அன்று அவர் வழக்கம் போல வாசலில் நின்று கூப்பிட்டார்.

“இல்ல மாமா, யாரும் இல்ல.”

கையில் இருந்த சாவி கீழே விழுந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தட்டுத் தட்டாகத் தேடினார். ஈரச் சுவர்கள்தான் வரிசையாகப் படுத்திருந்தன. எதிரொலியாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். எதிரொலி மாமா என்று கூப்பிடுமா என்று அந்த மனசே திருப்பிக் கேட்டது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பக்கத்தில் நிற்கிறவர்கள் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம் சொன்னால் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். போகப் போகப் பயம் தெளிந்தது. பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. அவர் கேட்பார், அவன் சொல்வான், இவர் சாத்துவார். சில நாள் உதட்டோரம் சிரிப்புகூட வரும். பார்த்தவர்கள், மச்சினன் போன துக்கத்தில் ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் கம்பெனிக்கு ஒரே அவசரம். கண் மூடித் திறப்பதற்குள் மாடி மேல் மாடி ஏற்றுகிறார்களாம், சுவர் போதவில்லையாம். கதவுக்கு மேல் ஒரு கண்ணைப் பொருத்தினார்கள். உள்ளே ஆள் சூடு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. இனிமேல் கூப்பாடெல்லாம் வேண்டாம், பச்சையைப் பார், கதவைச் சாத்து, அவ்வளவுதான் என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டுவிட்டார். இவர் அதற்கும் தலையாட்டினார். ஆனால் கதவிடுக்கில் வாயை வைத்து, பக்கத்து வீட்டில் கடன் கேட்பது மாதிரி மெல்லக் கேட்டுக்கொள்வார். உள்ளேயிருந்தும் மெல்லத்தான் பதில் வரும். அவனுக்கும் உத்தரவு தெரிந்திருந்தது.

அன்றைக்கு ஒரு சுற்று எடுத்துவிட்டு, சூடு ஆறாமலே அடுத்த சுற்றை உள்ளே தள்ளியிருந்தார்கள். பச்சை எரிந்தது. இடுக்கில் வாயை வைத்துக் கேட்டார்.

பதில் இல்லை.

மறுபடி கேட்டார். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். உத்தரவாவது மண்ணாவது என்று வாய்விட்டுக் கூப்பிட்டார். அறை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. அவன் முதன்முதலில் பேசின அன்றைக்குக்கூட அவர் இப்படிப் பயப்படவில்லை. உயிரோடு இருந்தபோது வாயைத் திறந்தால் பொய்தான். ஆனால் செத்த பிறகு ஒருநாளும் அவன் பொய் சொன்னதில்லை. யாரும் இல்லை என்றான், யாரும் இல்லை. இன்றைக்கு ஏன் சொல்ல மாட்டேன் என்கிறான்?

கதவைப் பிடித்த கையை எடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். சூப்பர்வைசர் வேகமாக வந்தார். பச்சை எரிகிறதே, கண் தெரியவில்லையா, சாத்துகிறாயா இல்லை வீட்டுக்குப் போகிறாயா என்று சத்தம் போட்டார்.

“பதில் வரட்டும் சார், சாத்துறேன்.”

“என்ன பதில்?”

“யாரும் இல்லன்னு.”

சூப்பர்வைசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “யோவ், யாரும் இல்லாத எடத்துல யாருய்யா யாரும் இல்லன்னு சொல்லுவான்?”

கேள்வி நியாயமானதுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சூடு முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் சுவர்கள் அடுக்கடுக்காக, ஊரே படுத்துக் கிடக்கிற மாதிரி. கடைசி வரிசைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். அடித்தட்டு காலியாக இருக்க வேண்டியது. அதில் இரண்டு கால்கள் தெரிந்தன.

கிரேன்காரர். மல்லாந்து படுத்திருந்தார். மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்த அச்சின் அடிப்பக்கத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. ஓரமாக, பாதி உடம்பு தட்டுக்கு வெளியே தொங்க, பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுப் படுத்த மாதிரி கிடந்தார்.

காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அறைச் சூட்டில் ஆள் சூடு அந்தக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சூப்பர்வைசர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்திவிட்டு, பச்சை விளக்கையும் அந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார்.

கிரேன்காரர் பாதித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு குடித்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கண் மூடவில்லையாம். உள்ளே கதகதப்பாக இருக்கும், படுத்தால் ஒரேயடியாகத் தூக்கம் வரும் என்று தோன்றியதாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் கூப்பிட்டது காதுல விழலையா தம்பி?”

“விழுந்துச்சுண்ணே.”

“அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?”

கிரேன்காரர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.

“எங்க விட்டான்? உங்க மச்சினன்தான் விடாம பேசிட்டே இருந்தானே. ‘தள்ளிப் படுண்ணே, எடம் பத்தல, தள்ளிப் படுண்ணே’ன்னு. நானும் தள்ளித் தள்ளித்தான் படுத்தேன்.”

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த ஆள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லிவிட்டார். முதல் நாள் வந்த குரலிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடவில்லை. அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். அழவில்லை. நடுவில் நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்னைப் பத்திக் கேட்டானா?”

“இல்ல.”

“எப்பவும் அப்படித்தான்” என்றாள். “அக்கான்னு ஒருத்தி இருக்கிற நெனப்பே கெடையாது.”

கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கிரேன்காரர் வீட்டில் சமைத்துப் போட யாராவது இருக்கிறார்களா என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு விசாரித்தாள். இல்லை என்றார். சரி என்றாள்.

பொழுது சாய்ந்தது. கொசு வரும் என்று எழுந்து பின்னறைப் பக்கம் போனாள். கதவை இழுத்தவள் நின்றுவிட்டாள். உள்ளே அவன் கட்டில், கொடியில் அவன் சட்டை, மூலையில் மங்கல். அவர் சோற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் அவரைக் கேலி பண்ணினவள், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

இருவரும் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இல்லை என்று சொல்ல ஒரு குரலும் வரவில்லை.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். சாத்தவில்லை. திரும்பி வந்து, இன்னொரு தட்டை எடுத்துத் தம்பி உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.