சஹனில் விட்ட இடம்

போன நோன்புப் பெருநாளுக்கு அடுத்த மாதம், புத்தளத்தில் என் கடைசி மகனின் கலியாணத்துக்கான வலீமா விருந்து நடந்தது. அப்போது எனக்கென்று சொந்தமாகப் போன் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் படம் எடுப்பதிலும் வொய்ஸ் போடுவதிலும் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. சொன்னால் சிரிப்பார்கள், உண்மை அதுதான்.

அந்த விருந்துக்கு என் தங்கச்சியால் வர முடியவில்லை. அவளுடைய மாப்பிள்ளை மவுத்தாகி, புருஷனை இழந்த பெண்கள் இருக்கும் இத்தாவைக் கரைத்தீவில் இருந்தாள். அது முடியும்வரை வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். சின்ன வயதிலிருந்து எந்த விருந்திலும் நாங்கள் இருவரும் ஒரே சஹனில்தான் உட்காருவோம். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர், என் வலப்பக்கம் அவள். அன்றைக்கு ஐந்து பேரை மட்டும் உட்கார வைத்தேன். அவளுடைய பக்கத்துப் புரியாணியில் யாரையும் கை வைக்க விடவில்லை. உன் இடம் அப்படியே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டத்தான், படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டேன். மண்டபத்துச் சத்தத்தில் வொய்ஸ் போட வழியில்லை.

மறுநாள் காலையில் மகள் பதறிக்கொண்டு வந்தாள்.

"உம்மா, சாச்சி குறூப்ப விட்டே போயிட்டாவே!"

கோல் எடுத்தேன். தங்கச்சி பதில் தரவில்லை. மகள் குறூப்பை மேலே தள்ளி வாசித்துக் காட்டினாள். கட்டாரில் லீவு கிடைக்காமல் கிடந்த தன் நானாவை, அண்ணன்காரனை, சீண்டுவதற்கு, தம்பியின் மகன் "வராதவங்கட வயிறு எரியட்டும்" என்று எழுதியிருக்கிறான். அதற்கு நேர் கீழே என்னுடைய சஹன். அதற்கும் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள்.

மாப்பிள்ளையை இழந்து அறைக்குள் இருக்கிறவளுக்கு, சோற்றைக் காட்டி நான் பழித்த மாதிரி ஆகிவிட்டதே!

"ஒரு வொய்ஸ் போட்டு விளங்கப்படுத்துங்களேன் உம்மா" என்றாள் மகள்.

"நான் அவளுக்கு ராத்தா. எனக்கும் அவளுக்கும் நடுவுல போன் என்னத்துக்கு? நீ சஹனக் கழுவு" என்றேன்.

புரியாணி ஆக்கி, சஹனையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினோம். "உம்மா, இந்த வாசத்துல எனக்கு ரோட்டே தெரியுதில்ல" என்று ஓட்டோக்காரர் வழியெல்லாம் புலம்பினார்.

தங்கச்சி வெள்ளை உடுத்திப் பாயில் இருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் காட்ட என்ன ஈக்கி, ராத்தா?"

"சோத்தப் பார்த்த. எடத்தப் பார்த்தியா?" என்று போனை அவள் கையில் வைத்தேன்.

மகள் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். தட்டைச் சுற்றி ஐந்து கைகள். என் வளையலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. அந்தப் பக்கத்துச் சோறு, மேலே வைத்த முட்டையோடு கலையாமல் இருந்தது. தங்கச்சி வெகுநேரம் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு,

"அந்த முட்டய ஆரு திண்ட?" என்று கேட்டாள்.

"நான்தான். வீணாப் போகுமே!"

"அப்ப இண்டைக்கு ரெண்டு முட்ட எனக்கு!"

அவ்வளவுதான், வீடே சிரிப்பால் நிறைந்தது. அவளுடைய மகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் வந்து உட்கார, ஆறு பேரும் சரியாக இருந்தோம். தங்கச்சி என் வலப்பக்கம்.

சாப்பிட்டு முடிந்ததும் மகள் அவளைக் குறூப்பில் திரும்பச் சேர்த்தாள். ஒரு பருக்கைகூட மிச்சமில்லாத சஹனைப் படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் தங்கச்சி அதில் போட்டாள். "என்ன இது? என்ன இது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நாங்கள் இருவரும் பதில் போடாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

இப்போதெல்லாம் எந்தப் படம் வந்தாலும், அனுப்பியவரின் முகத்தை முதலில் நினைத்துக்கொண்டு, பிறகுதான் படத்தைப் பார்க்கிறேன்.